எடுக்கிற வரைக்கும்

மூன்றாவது ரிங்கோடு தொலைபேசி நின்றுவிட்டது. அவள் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி கண்ணாடி முன் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று என்றால் அப்பா சாப்பிட்டுவிட்டார், மாத்திரையும் போட்டுக்கொண்டுவிட்டார். வழக்கமாக ஏழேகாலுக்கு வருவது இன்றைக்கு ஐந்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான். ஊசியைச் செருகிவிட்டு ரிசீவரை எடுத்தாள். பூஜ்யம், ஐம்பத்திரண்டு, அதன்பின் அப்பாவின் ஐந்து இலக்கங்கள். ஒரே ஒரு ரிங் போனதும் வைத்தாள். ஒன்று என்றால், கேட்டது. பிறகு சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் நிமிர்த்தி வைத்து வேலைக்குக் கிளம்பினாள்.

அப்பாவின் வீடு அவள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரியும். நடுவில் சரக்கு ரயில் யார்டு. பதினான்கு தண்டவாளங்கள், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர். கடந்துபோக ஒரே மேம்பாலம், அதுவும் ஊரின் கோடியில். வேகமாக நடந்தால் நாற்பது நிமிடம். முதன்முதலாகத் தொலைபேசி வந்தபோது யார்டுக்கு அடியில் கேபிள் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லையாம். அதனால் யார்டுக்குத் தெற்கே இருந்தவர்களுக்கு இந்த ஊர் எக்ஸ்சேஞ்சிலிருந்தும், வடக்கே இருந்தவர்களுக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறோர் ஊரிலிருந்தும் இணைப்பு கொடுத்தார்கள். தெற்குக்கு ஏரியா கோடு நாற்பத்தேழு, வடக்குக்கு ஐம்பத்திரண்டு. எதிர் வீட்டை அழைப்பது வெளியூரை அழைப்பதாகிவிட்டது. அப்பா அவளை அழைத்தால் அந்த அழைப்பு வயல்களையும் இரண்டு ஆறுகளையும் தாண்டி அந்த ஊருக்குப் போய், அங்கே திரும்பி, அத்தனை தூரமும் வந்து, அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற வீட்டில் ஒலிக்கும். அதற்கு வெளியூர்க் கட்டணம். பேசினால்தான் கட்டணம், வெறுமனே ஒலித்தால் இல்லை.

அதனால் யாரும் பேசவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து முன்னூற்று அறுபது இணைப்புகள் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரிங் பாஷை இருந்தது. வடக்கே முடி வெட்டுகிறவர் கடையில் கூட்டம் இல்லையென்றால் தெற்கே இருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டு ரிங் கொடுப்பார். அவர்கள் பாலம் ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும், அது வேறு விஷயம். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சகலைகள், ஒருவரையொருவர் திட்டுவதற்கென்றே ஆறு ரிங்கை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்து அழைப்பின் ஒலி சற்று நீளம். குழந்தைகளுக்குக்கூட வித்தியாசம் தெரியும். அந்த நீள ஒலி கேட்டால் எண்ண வேண்டும், எடுக்கக் கூடாது. எடுப்பது, கூப்பிட்டவரின் சட்டைப் பையில் கைவிடுவதற்குச் சமம். அவளுக்கும் அப்பாவுக்கும் இருந்த பாஷை எளிமையானது. இரண்டு என்றால் வீடு வந்து சேர்ந்தாயிற்று. மூன்று, சாப்பாடும் மாத்திரையும். ஐந்து என்றால் உடனே வா. ஐந்து இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அன்று ஒன்பதரை மணிக்கு ஒரு லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குக் சாணைக்கல்லில் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கடைத் தொலைபேசி நீள ஒலியில் அடித்தது. முதலாளி வெளியூர்க்காரர், ரிங் பாஷை தெரியாதவர், எடுத்துவிட்டார். உனக்குத்தான் என்று நீட்டினார். அப்பாவின் மேல்வீட்டு அத்தை. பிறந்ததிலிருந்து பழகியவளின் குரலைத் தொலைபேசியில் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டாள்.

"காசு ஏறுது, சுருக்கமாச் சொல்லிடறேன். அப்பா கீழ விழுந்து கெடக்காரு. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடு. வெச்சுடறேன்."

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இரண்டு மணி நேரம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் வலது கை தப்பியிருக்கும் என்றார்கள். அத்தை சொன்னதையும் மருத்துவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது அவளுக்கு நடந்தது புரிந்தது. அப்பா நின்றபடி அவளை அழைத்திருக்கிறார். ஐந்து கொடுக்கத்தான் அழைத்திருக்கிறார். மூன்றாவது ரிங்கில் கை செத்துவிட்டது. ரிசீவர் நழுவி, முப்பது வருடமாகப் பழகிய தன் இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அவர் மேசையோரமாகச் சரிந்திருக்கிறார். அப்போதுதான் இவள் சாவகாசமாக ஒரு ரிங் கொடுத்திருக்கிறாள். கேட்டது என்று.

அது அவர் காதில் விழுந்ததா என்று அவள் கேட்கவில்லை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கூடவே இருந்து, சோறு ஊட்டி, கையை நீவிவிட்டு, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து, அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியைக் கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறிய பிறகும் கேட்கவில்லை. கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

அப்பா யார்டில் பெட்டிகளின் எண்களை எழுதுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பக்கமும் அவருக்கு நம்பர்காரர் என்றே பெயர். உடம்பு தேறியதும் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அவள் முடியாது என்றாள். அவள் வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாமா தனியாக இருப்பதென்றால் நினைத்த நேரத்தில் வாய் திறந்து பேசுகிற மாதிரி ஒரு தொலைபேசி வேண்டும், ரிங்கை நம்பி இனி ஒரு நாள்கூட விட முடியாது என்றார். பேசினால் கட்டணமாயிற்றே என்றார் அப்பா. அவசரத்தில்கூடவா கட்டணம் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, அவசரத்தில் கை பழகினதைத்தான் செய்யும் என்றார். அது உண்மைதான்.

"சரி, ஒரு பேச்சுக்கு வருவோம்," என்றார் அப்பா. "ரெண்டு பக்கத்தையும் ஒரே ஏரியா கோடு ஆக்கிக் காட்டு. நான் அங்கயே இருந்துக்கறேன், தினம் பத்து தடவ பேசறேன். வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம். ஒண்ணு கோடு மாறணும், இல்ல நான் மாறணும். வீட்டக் குடுத்துட்டு உன் கூடவே வந்துடறேன்."

இவளால் ஆகாது என்ற நினைப்பில் சொன்னாரா, ஆக வேண்டும் என்ற ஆசையில் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் ஜன்னலை விட்டு வந்தால் அவர் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. வருடக் கடைசி வரை பார்த்துக்கொள்ளும்படி மேல்வீட்டு அத்தையிடம் சொல்லி, அவரை அவர் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டாள்.

தொலைபேசி அலுவலகத்தில் ஏரியா எல்லைகளைப் பார்க்கிற அதிகாரி நல்ல மனிதர். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் திருகாணி விழுந்து, நூல் கட்டியிருந்தது. அவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கேட்டு வாங்கி, பையிலிருந்த சின்னத் திருப்புளியையும் ஒரு திருகாணியையும் எடுத்துச் சரிசெய்து கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு விதியைப் படித்தார். இரண்டு பகுதிகளை ஒரே கோடில் சேர்க்க வேண்டுமானால் இரு பகுதி மக்களும் அடிக்கடி பேசிக்கொள்கிறவர்களாக இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் எண்ணுவார்கள். இணைப்பு ஒன்றுக்குச் சராசரி நான்கு அழைப்பு. முன்னூற்று அறுபது இணைப்புக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது. போன முறை எண்ணியதில் வந்தது நாற்பத்தொன்று.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "ரெண்டு பக்கத்துக்கும் ஏதாவது பகையா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பகையா? காலையில் கண் விழித்ததிலிருந்து விளக்கை அணைக்கிற வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. எல்லாம் ரிங்கில். யாரும் எடுக்காததால் ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை. முப்பது வருடமாக ஒருவர் காசை ஒருவர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி, ஒருவரையொருவர் தெரியாதவர்களாகவே காகிதத்தில் ஆகியிருந்தார்கள். அவள் அதை விளக்கிச் சொன்னாள். அதிகாரி கேட்டுவிட்டு, மெஷினுக்கு ரிங் தெரியாது, எடுத்தால்தான் தெரியும் என்றார். அடுத்த எண்ணிக்கை மாதம் வருகிற ஒன்றாம் தேதி தொடங்குகிறது என்பதையும், சொல்லக் கூடாததைச் சொல்கிறவரைப் போல, சொன்னார்.

அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரே ஒரு மாதம். எதிர்ப்பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள், ஒரு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நம்பர்காரருக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா என்றார்கள். முதல் வாரம் முடிந்து அதிகாரியைக் கேட்டபோது எண்பத்து மூன்று என்றார். யாரும் ஏமாற்றவில்லை. அழைக்கிறவர்கள் அழைத்தார்கள், அடித்த தொலைபேசி முன்னால் அந்தந்த வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து, எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, எடுக்கவில்லை. இரண்டாவது ரிங்கிலேயே சேதி வந்துவிடுகிறது. வந்த பிறகு எடுப்பானேன்? வடக்கே தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்த ஒரு தையல்காரி அவளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். "ஏன்டி, என் தங்கச்சி காச நானே எடுத்துக் கரியாக்கவா? அவ மனசுல என்ன நெனைப்பா?" எடுக்காமல் இருப்பதுதான் அங்கே பாசம். ஒரு மாதத்துக்குப் பாசத்தை நிறுத்தி வையுங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஒன்பதாம் நாள் மதியம் கடையில் அவள் கோபமாக இருந்தாள். யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம். முதலாளியிடம் கேட்டுவிட்டு அப்பாவுக்கு அழைத்தாள். ரிங் போனது. அவர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். அவளிடம் தலையாட்டியவர்களில் அவரும் ஒருவர்தான். இரண்டு. மூன்று. ஐந்தில் அவள் விரல் தானாக வைக்கப் போனது. விரலை மடக்கிக்கொண்டாள். ஆறு, ஏழு. அதற்கு மேல் எந்தக் குடும்பத்திலும் அர்த்தம் கிடையாது. எட்டு, ஒன்பது, பத்து. இருட்டில் படி தெரியாமல் இறங்குகிற மாதிரி இருந்தது. பதினான்காவதில் எடுத்தார்.

"என்னடி, எண்ணறதுக்கு மறந்துபோச்சா?"

"இல்லப்பா. எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

"எடுத்துட்டேன். இப்ப என்ன?"

என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. கம்பிவழி வந்த அவர் குரல் அவர் வயதைவிட இளமையாக இருந்தது. பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி கேட்டது. அந்த மூச்சு அறுபது கிலோமீட்டர் போய்த் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். காசு ஏறிக்கொண்டிருந்தது. நேரில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததை, முகம் இல்லாத இந்த இடத்தில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அன்னிக்கு நான் ஒரு ரிங் குடுத்தேன்ல. உங்களுக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

அவள் சாணைக்கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சும் போட்டுட்டேன்னு நெனச்சுத்தான் விழுந்தேன்," என்றார் அப்பா. "உன்னோட ஒண்ணு வந்துச்சு. சரி, கெளம்பிட்டான்னு இருந்தேன். வெளிய ஒரு சரக்கு வண்டி போச்சு. படுத்துட்டே பெட்டிய எண்ணினேன். இப்ப பாலம் ஏறியிருப்பா, இப்ப எறங்கியிருப்பான்னு எண்ணிட்டே இருந்தேன். ஒரு வண்டி போனா இன்னொண்ணு. உன் ரிங் மட்டும் கேக்காம இருந்திருந்தா, யாரும் வரப் போறதில்லன்னு அப்பவே கண்ண மூடியிருப்பேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். முதலாளி அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தார்.

"நீ அழுதாலும் காசு ஏறும்," என்றார் அப்பா. பிறகு வேறு குரலில் கேட்டார். "ஆமா, நான் எத்தனாவதுல எடுத்தேன்?"

"பதினாலு."

"எட்டுக்கு மேல உக்கார முடியலடி. நாக்காலில முள்ளு மொளச்ச மாதிரி இருந்துச்சு."

இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதில் பயனில்லை. சேதி ரிங்கிலேயே வந்து சேர்கிற வரைக்கும் யாரும் எடுக்கப் போவதில்லை. சேதியை வரவிடக் கூடாது. எந்தப் பாஷையிலும் இல்லாத எண்ணுக்கு ரிங்கைக் கொண்டுபோய்விட வேண்டும். பன்னிரண்டாவது ரிங்கைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார இரண்டு பக்கத்திலும் ஆள் கிடையாது.

அன்று மாலையே அப்பா தொடங்கிவிட்டார். தெற்கத்தித் தொலைபேசிப் பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, முதல் பெயரிலிருந்து, இடது கையால் ஒவ்வோர் எண்ணாக அழைத்தார். எடுத்தவர்களிடம் சொன்னது எல்லாம் ஒரே வசனம்தான் என்று மேல்வீட்டு அத்தை பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "நான்தான் நம்பர்காரன். எடுத்துட்டீங்கல்ல, அவ்வளவுதான். இப்ப எங்க பக்கம் இருக்கற உங்க ஆளுக்குப் போடுங்க. எடுக்கிற வரைக்கும் வைக்காதீங்க." பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே இடது கையால் கோணலாக ஒரு கோடு. ஓடுகிற பெட்டிகளின் எண்ணையே முப்பது வருடம் எழுதியவருக்கு நிற்கிற எண்கள் ஒரு பொருட்டில்லை. பில் என்ன ஆகும் என்று அவள் வீட்டுக்காரர் கவலைப்பட்டதற்கு, வீட்டை விற்றால் வருகிற நஷ்டத்தைவிடக் குறைவுதான் என்றார் அப்பா.

எடுக்கிற வரைக்கும் வைக்காதே என்பது மூன்று நாளில் இரண்டு பக்கமும் பரவியது. பன்னிரண்டு, பதினைந்து, இருபத்திரண்டு என்று ரிங்குகள் நீண்டன. சலித்துப்போய், பயந்துபோய், திட்டிக்கொண்டே எடுத்தார்கள். எடுத்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்தார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள். ஆச்சு என்றார்கள். அடுத்து ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் எல்லாமே தொடங்கியது. தையல்காரியின் தங்கை, எட்டு வருடமாக இரண்டு ரிங்கில் நலம் என்று சொல்லிவந்தவள், அந்த மௌனத்தில் விம்மிவிட்டாளாம். தையல்காரி அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பாலத்தை ஓட்டமாகக் கடந்தாள். முடி வெட்டுகிறவர், கூட்டம் இருக்கிறது, இப்போது வராதீர்கள் என்பதை முதல் தடவையாகச் சொன்னார். சகலைகள் இருவரும் ஆறைத் தாண்டியும் வைக்காமல், ஒருவர் எடுத்து, நேராகவே திட்டிக்கொண்டார்கள். ஐம்பது நிமிடம் என்றார்கள். மூச்சு வாங்கியதும் வைத்துவிட்டு, விட்டுப்போனது நினைவு வந்து மறுபடி அழைத்தார்கள். ஒரே நாளில் பதினோரு அழைப்பு. அவர்கள் இருவரும் தெய்வங்கள் என்றாள் அவள்.

இருபத்தோராம் நாள் அதிகாரியே கடைக்கு அழைத்தார்.

"அம்மா, நீங்க சொன்னது சரிதான், பகை இல்ல. எங்க அதிகாரிங்க நம்ப மாட்டேங்கறாங்க, மெஷின் கெட்டுப்போச்சான்னு கேக்கறாங்க. ஆயிரத்து நானூத்தி நாப்பது போன வாரமே தாண்டிடுச்சு. இப்ப கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. காலைலேந்து எனக்கே வெளியூர் லைன் கெடைக்கல."

"இனிமே எப்படி சார் நிறுத்தறது?" என்றாள் அவள். அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. முதலாளி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாதக் கடைசியில் மெஷின் காட்டியது ஐயாயிரத்து இருநூற்று எட்டு. அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே அப்படி ஓர் எண் வந்ததில்லை என்று, அதிகாரி அந்தத் தாளைப் பிரதி எடுத்து, அவளுக்கென்று தனியாக உறையில் போட்டு அனுப்பியிருந்தார்.

யார்டுக்கு அடியில் கேபிள் புதைத்தார்கள். இந்த முறை அனுமதி கிடைத்திருந்தது. வருடம் முடியப் பதினோரு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, ஐம்பத்திரண்டு என்ற கோடு வடக்குப் பக்கத்துக்கு இல்லாமல்போனது. வடக்கத்தி எண்களுக்கு முன்னால் ஆறு என்ற இலக்கம், தெற்கத்தி எண்களுக்கு முன்னால் ஓர் இரண்டு. அவ்வளவுதான். பூஜ்யம் வேண்டாம், வெளியூர் வேண்டாம். கடைப் பலகைகளில் இரவே ஏணி போட்டு எண்ணை மாற்றி எழுதியிருந்தார்கள். சில பலகைகளில் இடம் போதாமல் அந்த ஓர் இலக்கம் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் ஆறரைக்கு அழைத்தாள். ஆறு இலக்கம் அழுத்தியதும் விரல் இன்னும் எதற்கோ காத்திருந்தது. லைன் பிசி. ஏழு மணிக்கு அழைத்தாள். பிசி. ஏழேகாலுக்கும் பிசி. பட்டியலின் கடைசிப் பெயர்வரை போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாரோ என்றார் வீட்டுக்காரர். பழைய பயம் ஒரு தடவை அசைந்து பார்த்தது. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், சுருள் கம்பியை இழுத்துக்கொண்டு, அது எட்டுகிற வரை ஜன்னலுக்குப் போனாள்.

அப்பா தன் ஜன்னலில் நின்றிருந்தார். ரிசீவரைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் யாரோடு பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. மேல்வீட்டு அத்தையும் கம்பியை இழுத்துக்கொண்டு பால்கனிக்கே வந்திருந்தாள். அதற்கடுத்த வீட்டிலும் ஜன்னலில் ஒருவர்; அதற்கும் அடுத்ததில் இரண்டு பேர், ஒரே ரிசீவரில் இரண்டு காதுகளை ஒட்டவைத்துக்கொண்டு.

அப்போது யார்டுக்குள் ஒரு நீளமான சரக்கு வண்டி நுழைந்து நடுவில் ஓடத் தொடங்கியது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்த சந்துகளில் மட்டும் எதிர்ப்பக்கம் தெரிந்தது. ஒரு சந்தில் அப்பாவின் தோள். இன்னொன்றில் அத்தையின் வாய் அசைவது. அதற்கடுத்ததில் யாரோ இந்தப் பக்கத்து ஜன்னல் ஒன்றைப் பார்த்துக் கையை உயர்த்துவது. கை இறங்குவதற்குள் ஒரு பெட்டி மறைத்துக்கொண்டது. அவள் காதில் பிசி ஒலி விட்டு விட்டு அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் வைக்கவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு சந்திலும் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.